பஸ்ஸுக்குள் போட்ட வெண்கட்டிக் கோடு

பத்மாசனிக்கு வாகனங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை அவளே முதலில் ஒப்புக்கொள்வாள். ஆனால் சீனக்குடாவில் ஸெய்னுதீனின் கராஜ் வளவுக்குள் கால் வைத்தபோது, தனக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. இரண்டு தலையணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். அதை ஒரு பிற ஆம்பிளைக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அவளுடைய புருசன் வீரசிங்கம் முப்பத்தொரு வருடம் கொட்பே துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் மீன்பிடிக்குப் போனவர். ஒரு பயணம் என்றால் இருபத்தைந்து நாள், முப்பது நாள். கரையில் ஐந்தாறு நாள் நின்றால் அதிலும் பாதி படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதில் போய்விடும். போன வருடம் இடுப்புவலி தாங்காமல் தொழிலை விட்டுக் கரையேறினார். நிலாவெளியில் ஒரு வெள்ளைக்காரச் சோடி வானுக்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி எழும்புவதைப் பார்த்துவிட்டு வந்து, "இலங்கையை ஒருக்கா சுத்திக் காட்டுறன், வாறியோ?" என்றார். கலியாணத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல கதை அது. பத்மாசனி உருகித்தான் போனாள், ஒளிப்பானேன். அப்படி வீடாக மாற்ற ஒரு பழைய வாகனம் தேடித்தான் இரண்டு பேரும் இந்தக் கராஜுக்கு வந்திருந்தார்கள்.

ஆனால் கரையேறியும் மனுசன் தூங்கினால்தானே! இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழும்பி விறாந்தைக் கதிரையில் போய் இருந்துவிடுவார். அவள் கை நீட்டினால் வெறும் மெத்தைதான் படும். கடலில் இருக்கிற மனுசன் பக்கத்தில் இல்லாதது அவளுக்குப் பழகிய விசயம். வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் போகிறவரை என்ன செய்வது? வாகனத்துக்குள் என்றால் எழும்பிப் போக விறாந்தை இருக்காது. அதுதான் அவள் போட்ட கணக்கு.

"அண்ண, முதல்ல இந்தக் கூலர் லொறியப் பாருங்க," என்றார் ஸெய்னுதீன். கிண்ணியாக்காரர். வாகனங்களுக்குப் பொடி, அதாவது மேற்கூடு, கட்டுவதில் கைராசியான மனுசன். "பெட்டி ரெடியா இருக்கு. வெக்கை உள்ளுக்கு வராது. கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் தாராளமா வைக்கலாம்."

வீரசிங்கம் உள்ளே ஏறி மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்துபோனது. பத்மாசனி வாசலோடு நின்றுவிட்டாள்.

"சூரை மீன் ஏத்தின லொறி," என்றாள். "இந்த மணம் போக முப்பத்தொரு வருசமா உங்கட சாரம் தோய்ச்சுக் காயப்போட்டனான். நீங்கள் முன்னுக்கு இருந்து ஓட, நான் பின்னுக்கு மீன் மாதிரிப் பெட்டிக்குள்ள கிடக்கிறதோ?"

லொறியின் கதை அதோடு முடிந்தது.

அடுத்தது கூரை உயர்த்திய வான். மலைவளைவுகளில் லேசாகத் திரும்பும், டீசலும் குறைவு என்று ஸெய்னுதீன் சொன்னார். "ஆனா அண்ண, கட்டில் போட்டா கக்கூஸுக்கு இடம் வராது. கக்கூஸ் வச்சா குசினி போயிரும். எல்லாம் வேணுமெண்டா அந்தா நிக்கிற பஸ்தான். சீட்டெல்லாம் கழட்டிட்டன்."

"ஏன் வராது? எல்லாம் வரும்," என்று வீரசிங்கம் ஸெய்னுதீன் அளவுக்கோடு போடுகிற வெண்கட்டியை வாங்கிக்கொண்டு வானுக்குள் குனிந்தார். இடுப்பைப் பிடித்துப் பிடித்துக் கால்மணி நேரம் கோடு கீறினார். பிறகு, பெரிய வீடு கட்டி முடித்தவர் போல மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கக்கூஸ் இருந்தது. காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கயிறு சுருட்டி வைக்கக்கூட ஒரு மூலை இருந்தது. ஓரமாக இரண்டரை அடி அகலத்தில் ஒரு கட்டிலும் இருந்தது.

"இதில ஆர் படுக்கிறது?"

"நீ."

"அப்ப நீங்கள்?"

"நீ எழும்பின பிறகு நான் படுப்பன். படகில ஆறு பேருக்கு மூண்டு படுக்கைதானே. ஒராள் எழும்ப மற்றாள் படுக்கும்."

பெருமையாகத்தான் சொன்னார். பத்மாசனிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"நீங்கள் என்னத்துக்கு முழிச்சிருக்கோணும்?"

"ஒராள் பாத்துக்கொண்டு இருக்கத்தானே வேணும். கப்பல் கிப்பல் வந்து இடிச்சா..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

"நுவரெலியாவில கப்பல் வருமோ?"

ஸெய்னுதீன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு, பிளேன்டீ கொண்டுவருகிறேன் என்று கழன்றுவிட்டார்.

"நான் ஊர் பாக்கிறதுக்கு ஆசைப்படேல்ல," என்றாள் பத்மாசனி. இப்போது குரல் இறங்கியிருந்தது. "மாறி மாறிப் படுக்கிறதெண்டா நீங்கள் மட்டும் போங்கோ. தனியப் படுக்க எனக்கு வீடே போதும்."

வீரசிங்கம் தான் கீறிய கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஏலாம இருக்கு, பத்மா," என்றார் கடைசியில். "கண்ணை மூடினா, சுக்கானில ஒருத்தரும் இல்லையெண்டு நெஞ்சு அடிக்குது. வீட்டிலயும் அப்பிடித்தான்."

இத்தனை நாளும் விறாந்தையில் காற்று வாங்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கேட்காமல் விட்டதற்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அவர் கையைப் பிடித்து பஸ்ஸுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே வெறும் தளம், பெரிய இடம். சேலையைச் சரிசெய்துகொண்டு நடுவில் படுத்தாள்.

"வாங்கோ, அளவு பாப்பம்."

"பட்டப்பகலில என்ன இது?"

"பஸ் நிக்குது. சில்லுக்குக் கல்லும் வச்சிருக்கு. நான் முழிச்சிருக்கிறன், நீங்கள் படுங்கோ."

அவர் விறைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்தார். வெளியே துறைமுகத்துக்குப் போகிற லொறிகள் இரைந்தன. இரண்டுதரம் தலையைத் தூக்கி முன்பக்கம் பார்த்தார். இரண்டுதரமும் அவள், "நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்," என்றாள். மூன்றாவது தரம் தலை எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. இத்தனை வருடமும் அரைத்தூக்கமே தூங்கிய மனுசன் இவ்வளவு சத்தமாகக் குறட்டை விடுவார் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, அப்ப வானா, பஸ்ஸா?" என்று கேட்டபடி வந்த ஸெய்னுதீனுக்கு உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அவர் தேத்தண்ணீரை பஸ் படியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

தூங்குகிற புருசனின் விரல்களுக்குள் இருந்த வெண்கட்டியை மெல்ல எடுத்தாள். தன் பக்கம் ஒரு கோடு கீறினாள். பிறகு அவருக்கு மேலால் கையை எட்டி, மற்றப் பக்கமும் ஒரு கோடு கீறினாள். குசினியும் கக்கூஸும் மிச்ச இடத்தில் எப்படியும் வரட்டும். பஸ் திரும்பாத மலைக்குப் போகாமல் விட்டால் போகிறது. தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. பத்மாசனி முன்கண்ணாடியைப் பார்த்தபடி முழித்திருந்தாள்.