பஞ்சு நடை

என் குரலைப் பற்றி நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு கதை உண்டு. காலையில் மைதானத்தில் நின்று நான் பெயர் வாசித்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் "உள்ளேன் அம்மா" என்பார்களாம். தலைமையாசிரியர் கட்டிவிட்ட கதை. ஆனாலும் விசில் வாங்காத பி.டி. டீச்சர் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்திதான். எனக்குப் பிறந்தது மட்டும் வேறு எப்படி இருக்கும்? பிரசவ அறையில் நர்ஸ் முதல் அழுகையைக் கேட்டுவிட்டு, "பட்டாசுல்ல பொறந்திருக்கு" என்றாள். அதுவே செல்லப் பெயராக நிலைத்துவிட்டது.

அந்தப் பட்டாசையும் என்னையும் என் வீட்டுக்காரர் இந்த வெளிநாட்டு ஊருக்கு அழைத்துக்கொண்டபோது அவளுக்கு நாலு வயது. அவர் முன்னாலேயே வந்து, ஒரு பெரிய அச்சகத்தில் மிஷின் பராமரிப்பு வேலையில் சேர்ந்திருந்தார். வீடு கம்பெனி பார்த்துக் கொடுத்தது. பழைய அடுக்குமாடி, ஆறாவது மாடி, இரண்டு அறை, மரத்தரை. வந்த அன்றே பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடிப் பார்த்தாள். தரை மத்தளம் மாதிரி பேசியது. சந்தோஷம் தாங்காமல் திரும்பி ஓடி வந்தாள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்போது என் காலுக்குக் கீழே யாரோ இடித்தார்கள். துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிற சத்தம். கோபமோ அவசரமோ இல்லாத, நிதானமான இடி.

"கீழ்வீட்டுக்காரர்" என்றார் என் வீட்டுக்காரர், உதட்டில் விரலை வைத்தபடி. தன் வீட்டிலேயே திருட வந்தவர் போல நின்றார்.

அந்தக் கீழ்வீட்டு மனுஷனை லிஃப்டில் பார்த்திருக்கிறேன். மரியாதைக்காரர். நமக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார், பிள்ளைக்குக் கையசைப்பார். ஒரு வார்த்தை நேரில் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி, இரண்டு நாள் முறைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தில் எதையாவது கொண்டுபோய்க் கொடுத்து உறவாகியிருப்பேன். சண்டை போட்டால்தானே சமாதானம் ஆக முடியும்? இங்கே அந்தப் பேச்சே கிடையாது. முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலிடத்துக்குச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு நாள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற கேர்டேக்கர் வந்தார். வாசலிலேயே நின்று தன் போனை நீட்டி ஏதோ ஒரு பதிவை ஓட விட்டார். முதலில் தூரத்தில் இடி உருள்கிற மாதிரி ஒரு சத்தம். அதன் மேல் ஏதோ பிராணி மாட்டிக்கொண்டு கீச்சிடுவது போல ஒன்று. என்ன இது என்று கேட்டேன். உங்கள் வீடுதான் என்றார். இரண்டாம் தடவை கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த உருட்டல் என் பிள்ளை ஓடுவது. அந்தக் கீச்சொலி அவளுடைய சிரிப்பு. ஒருத்தன் கூரைக்கு அடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று என் பிள்ளையின் சிரிப்பைப் பிடித்து வைத்திருக்கிறான். இதுபோல் இன்னும் நிறைய இருப்பதாகக் கேர்டேக்கர் சொன்னார்.

புகார் கம்பெனிக்கும் போயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை வந்தா வீட்டைக் காலி பண்ணணுமாம். மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொல்றார்."

"பண்ணிட்டுப் போவோம். வேற வீடா கிடைக்காது?"

"யாரு குடுப்பா? வெளியூர்க்காரங்க, சின்னப் புள்ளை வேற இருக்குன்னாலே கதவைச் சாத்துறாங்க. கம்பெனியில பேர் கெட்டா வேலை போயிடும். வேலை போச்சுன்னா விசாவும் போச்சு, இந்த ஊர்ல இருக்கவே முடியாது, மூணு பேரும் பெட்டியைக் கட்டணும்."

"கட்டினா என்னங்க?"

"எங்க போய் நிக்கிறது? உன் வேலையை விட்டாச்சு, இருந்த வீட்டை வித்தாச்சு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கப் பழகுங்க, ரெண்டு பேரும்."

சுவருக்கும் காது உண்டு என்று சொல்லி வைத்தார்கள். இங்கே தரைக்குத்தான் காது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை மாட்டினோம். கதவு நாதாங்கியில் பஞ்சு சுற்றினோம். குக்கர் விசில் அடிக்கும் என்று வீட்டுக்காரர் அதைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அது வாயைக் கட்டிப்போட்ட வாயாடி மாமியாரைப் போல அங்கேயே கிடந்தது. எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமை, கோபம் வந்தால் பாத்திரத்தை 'ணங்'கென்று வைக்க முடியாததுதான். புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூடக் கிசுகிசுத்தே போட்டோம். ஒருவர் காதில் ஒருவர் சீறுவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் கொஞ்சுகிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

பிள்ளைக்கு அவர் ஒரு நடை கற்றுக்கொடுத்தார். பஞ்சு நடை என்று பெயர் வைத்தார். கால்விரல் முதலில், குதிகால் பிறகு, மூச்சைக்கூட மெதுவாக. பகலெல்லாம் மிஷின் இரைச்சலில் காதை மூடிக்கொண்டு வேலை செய்கிற மனுஷன், வந்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் சத்தமில்லாமல் மிதப்பார். முதல் வாரம் எனக்கே வேடிக்கையாக இருந்தது. அவளும் தட்டித் தடுமாறி, சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தலையணை தேவைப்படவில்லை. தோள் மட்டும் குலுங்கும். சத்தம் வராது.

அடுப்படியில் நிற்பேன். திரும்பினால் பின்னால் நிற்பாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றால் என் உடையை இழுப்பாள், அவ்வளவுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி வளர்ந்தவள் நான். என் பிள்ளைக்கு வாய் சாப்பிட மட்டும் என்று ஆகிவிட்டது. பள்ளியில் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினாள். இவளால் ஒரு தொந்தரவும் இல்லை, வகுப்பில் இருக்கிறாளா என்பதே சில நாள் மறந்துபோகிறது என்றாள். வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. நானும் ஒரு டீச்சர்தான். மறந்துபோகிற பிள்ளை எந்த மாதிரிப் பிள்ளை என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மேஜை டிராயரில் அவள் விரல் நசுங்கியது. நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. நிமிர்ந்தால் நிலைப்படியில் நிற்கிறாள். வாய் அகலத் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கண்ணீர் கொட்டுகிறது. ஒலி மட்டும் இல்லை. நகம் கறுத்த விரலை என் முன்னால் நீட்டினாள். அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க. வலிச்சாக்கூட அழ மாட்டேங்குறா."

"நிலைமை புரிஞ்சு நடந்துக்குது, புத்திசாலிப் புள்ளை. அதுல பயப்பட என்ன இருக்கு?"

"அழுத புள்ளைக்குத்தான் பால்னு சொல்லுவாங்க. இது செத்தாக்கூடச் சொல்லாம சாகும்."

"வாயைக் கழுவு" என்றார். அதையும் கிசுகிசுத்துத்தான் சொன்னார்.

அடுத்த வாரத்தில் ஒரு முற்பகல். பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை, அவர் வேலைக்குப் போய்விட்டார். இந்தக் கட்டடத்தில் துணி துவைக்கிற மிஷின்கள் எல்லாருக்கும் பொதுவாகத் தரைக்குக் கீழே இருக்கின்றன. இரண்டு கையிலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளை பின்னால் வந்தாள். துணியைப் போட்டு, பவுடரைப் போட்டு, பொத்தானை அழுத்தி, காலிக் கூடையோடு லிஃப்டில் ஏறித் திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. கதவு சாத்திக்கொண்டு லிஃப்ட் மேலே கிளம்பிவிட்டது. எங்கள் ஊரில் இப்படி நடந்தே இருக்காது. அவள் என் பின்னால் வருகிறாளா என்று நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை, காதே சொல்லிவிடும். இங்கே வந்த பிறகு அவளைக் கேட்பதையே விட்டுவிட்டேன், ஏனென்றால் கேட்க ஒன்றும் இல்லை.

படிக்கட்டு வழியாகக் கீழே ஓடினேன். துவைக்கிற அறையில் இல்லை. வெளியே நீளமான நடைவழி, இருபுறமும் இரும்புக் கதவுகள். மீட்டர் அறை, சைக்கிள் அறை, ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டுமுட்டுச் சாமான் வைக்கிற அறைகள். எல்லாம் சாத்தியிருந்தன. ஆள் அசையாவிட்டால் விளக்கு தானாக அணைந்துவிடும் இடம் அது. "பாப்பா" என்று கூப்பிட்டேன். "பாப்பா, எங்கடி இருக்கே?" நடைவழியில் பாதி தூரம் போன பிறகுதான் நான் கிசுகிசுத்துக்கொண்டிருப்பது எனக்கே உறைத்தது. பிள்ளையைக் காணோம், ஒருவரும் குடியிருக்காத நிலவறை, அங்கேயும் நான் குசுகுசுவென்று கூப்பிடுகிறேன். வெட்கமும் ஆத்திரமும் பொங்கின. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். அப்போது வந்தது, என் மைதானத்துக் குரல்.

"பட்டாசு! ஏ பட்டாசு!"

இரும்புக் கதவுகள் அதிர்ந்தன. குழாய்கள் வழியாக அது ஆறு மாடிக்கும் ஏறியிருக்கும். ஒவ்வொரு கதவையும் கையால் அறைந்துகொண்டு, அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்பினேன். நின்று காதைத் தீட்டிக் கேட்டேன். துவைக்கிற மிஷின் சுற்றுவது தவிர ஒன்றும் இல்லை. யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். தெருவில் இறங்கியிருந்தால்? அந்தத் தெருவில் கார்கள் வரும் வேகம் நினைவுக்கு வந்தது.

கேர்டேக்கர் ஓடிவந்தார். வரும்போதே உதட்டில் விரல். என் பிள்ளையைக் காணோம் என்று அவர் பாஷையில் எனக்குப் பேச வந்த இரண்டு வார்த்தையை வைத்துக் கத்தினேன். சாவிக்கொத்தை எடுத்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்தார். நடுநடுவே, மெதுவாக, மெதுவாக என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். கடைசிக்கு முந்தைய கதவு, பழைய மெத்தைகளும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைக்கிற அறை. திறந்திருக்கும்போது யாராவது நுழைந்தால் தானாக மூடிக்கொள்ளும், உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும்.

இருட்டில் ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மயங்கவில்லை, தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. கதவைப் பிறாண்டி விரல்களெல்லாம் சிவந்திருந்தன. கவுன் ஈரமாக இருந்தது. கீழுதட்டில் பல் இறங்கி ரத்தம் கட்டியிருந்தது. அழுகையை அங்கே கடித்துப் பிடித்திருக்கிறாள்.

வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"அம்மா கூப்பிட்டது கேட்டுச்சா?"

தலையை ஆட்டினாள்.

"கதவைத் தட்டினேனே, அதும் கேட்டுச்சா?"

அதற்கும் ஆட்டினாள்.

"அப்புறம் ஏண்டி கண்ணு கத்தல? ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

அவள் விரலை மேலே காட்டினாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "கத்து" என்றேன். "இப்பக் கத்து. அம்மா சொல்றேன், எவன் என்ன பண்ணிடுவான்? கத்துடி!" அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். வாயைத் திறந்தாள். உள்ளே சின்ன நாக்கு நடுங்குவதுகூடத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. நான்தான் கத்தினேன். ஊருக்கு, வீட்டுக்காரருக்கு, கீழ்வீட்டுக்காரனுக்கு, எல்லாருக்கும் சேர்த்துப் பெருங்குரலெடுத்து ஓவென்று அழுதேன். கேர்டேக்கரின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், ஆமாம், ஆமாம், அவர்கள்தான் என்று யாருக்கோ சொன்னார்.

அப்போது பிள்ளை என் மடியில் முட்டி போட்டு எழுந்தாள். இரண்டு கையையும் சேர்த்து என் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதம்மா" என்று என் காதுக்குள் ஊதினாள். "நம்மள அனுப்பிடுவாங்க."

கையை விலக்கப் பார்த்தேன். விலகவில்லை. நாலு வயதுக் கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, மூக்கும் சேர்ந்து அடைபட்டு எனக்கு மூச்சு முட்டியது. கேர்டேக்கர் போனைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து அவள் தலையைத் தடவினார். சமர்த்துப் பிள்ளை என்று தன் பாஷையில் சொன்னார். அது அவளுக்குப் புரிந்தது. இன்னும் இறுக்கிப் பொத்தினாள்.