அனுபவங்களுடன் ஆஜராகவும்

உதவி செய்கிறேன் பேர்வழி என்று கணவர் செய்து வைத்த காரியத்தை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ராணுவக் குடியிருப்பில் அவளை எழுத்தாளரம்மா என்பார்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் ஒன்பது ஊர், ஒன்பது வீடு, இரண்டு புத்தகம். கதை கிதையெல்லாம் கிடையாது. ஆளைப் பார்த்து, கேட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து எழுதுகிற எழுத்து. மூன்றாவது புத்தகம் ராணுவத்தார் மனைவிமார் பற்றி. மாதக் கடைசிக்குள் பதிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே! எந்த வீட்டுக்குப் போனாலும் "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். அதற்கு மேல் கேட்டால் பிஸ்கட் தட்டை நீட்டினார்கள். வாய் திறந்தவள் ஒரே ஒருத்தி, ராணுவ லாரி டிரைவர் ஒருவரின் மனைவி. ஆறு மாதமாக, கை ஒழிந்தபோதெல்லாம் எழுத்தாளரம்மாவின் சமையலறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, இந்தக் கூத்தைக் கேளுங்க" என்று கொட்டித் தீர்த்தாள். கணவன் எல்லைக்குப் போனபோது அவள் அழவே இல்லையாம். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோதுதான் அழுதாளாம்.

"எந்த டப்பாவுல என்ன இருக்குன்னுகூடத் தெரியாத ஆளு என் வீட்டுக்குள்ள நடமாடுறாருக்கா. இவரு எப்ப திரும்பிப் போவாருன்னு இருந்துச்சு. இதை வெளிய சொல்ல முடியுமா?"

போனில் பதினொரு ஒலிப்பதிவுகள். புத்தகத்தின் உயிரே அதில்தான் இருந்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கணவருக்கு உதவி செய்யும் ஆசை வந்தது. கர்னலாகி, அந்த யூனிட்டுக்கே தலைவராகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. "ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்க" என்று சாப்பிடும்போது அவள் புலம்பியதைக் காதில் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் யூனிட் முழுக்கச் சர்க்குலர் அனுப்பிவிட்டார். எல்லோருடைய மனைவியும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்ட அறையில் தத்தம் அனுபவங்களுடன் ஆஜராகவும்.

"ஒரு சின்ன வேலை, போய்ப் பாரு" என்று அன்று காலை அவளை அனுப்பி வைத்தார். போய்ப் பார்த்தால், அடக் கடவுளே! நாற்பது பெண்கள். கணவன்மாரின் பதவி வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு தட்டச்சுத் தாள். முதல் தாளை வாங்கிப் படித்தாள். 'ராணுவ வாழ்க்கை எனக்குப் பெருமையையும் கட்டுப்பாட்டையும் கற்றுத் தந்தது.' இரண்டாவதும் அதேதான். நாற்பதாவதும் அதேதான். அலுவலகக் கிளார்க் ஒரே வாசகத்தை எல்லோருக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறார். அடியில் கணவனின் கையெழுத்து வேறு! அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு, கடைசி வரிசையிலிருந்து டிரைவரின் மனைவி தயங்கித் தயங்கி வந்தாள்.

"மேடம்..."

"மேடமா? இது எப்ப இருந்து?"

"அவருக்கு அடுத்த மாசம் ப்ரமோஷன் வருது. கர்னல் சார்தான் கையெழுத்துப் போடணும். நான் பேசினதையெல்லாம் அழிச்சிடுங்க, தயவுசெஞ்சு."

"உன் பேரே வராதுடி. சார் அதையெல்லாம் கேக்கவும் மாட்டாரு."

"கேக்க மாட்டாரு. புக்கு வந்தா படிப்பாரில்ல?"

எழுத்தாளரம்மா அவள் கண் முன்னாலேயே போனை எடுத்துப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அந்தப் பெண் இரு கையையும் குவித்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வீட்டில் கர்னல் உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை பேரு வந்தாங்க?"

"நாற்பது."

"பாத்தியா! ஆறு மாசமா நீ அலைஞ்ச வேலையை..."

"பேசாதீங்க! எழுதி வாங்குறதுக்கு இதென்ன துப்பாக்கி காணாமப் போன விசாரணையா? பேசின ஒருத்தியும் பயந்துபோய் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டா, அழிச்சுட்டேன். என் புத்தகத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க."

"நான் ஆர்டர் போடலையே. வேண்டுகோள்தானே விட்டேன்."

"உங்க வேண்டுகோளை மாட்டேன்னு சொன்ன ஆளு இந்த யூனிட்ல ஒருத்தர் உண்டா?"

அவள் விடவில்லை. போனை மேசைமேல் வைத்து, புதிதாக ஒலிப்பதிவு செய்யப் பொத்தானை அழுத்தினாள்.

"உட்காருங்க. இத்தனை வருஷத்துல மேலதிகாரிக்குப் பயந்து நீங்க மென்னு முழுங்கினது ஒண்ணு இருக்கும்ல? அதைச் சொல்லுங்க."

கர்னல் போனைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "பொதுவா எல்லாம் நல்லாத்தான்..."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"அதை அணைச்சிடு. சொல்றேன்."

அணைத்தாள்.

"பாப்பா பொறந்தப்ப லீவு தரலன்னு உன்கிட்ட சொன்னேன்ல? நான் கேக்கவே இல்ல. அந்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். வீட்டுல எல்லாம் நல்லாத்தானேன்னு கமாண்டர் கேட்டாரு. நல்லா இருக்கு சார்னுட்டேன். எழுதின லீவு லெட்டர் பாக்கெட்டுலயே கெடந்துச்சு."

பதினேழு வருடம்! அந்தக் கமாண்டரைப் பதினேழு வருடமாகத் திட்டித் தீர்த்திருக்கிறாள். அவர் விருந்துக்கு அழைத்தபோதெல்லாம் தலைவலி என்று படுத்துக்கொண்டிருக்கிறாள். பாவம், அந்த மனிதர் கேட்டிருக்கிறார். புத்தகத்தில் எல்லாவற்றையும் சரிபார்த்தவள் முன்னுரையின் முதல் வரியை மட்டும் சரிபார்க்கவில்லை. தன் சொந்தக் கதைதானே என்று விட்டுவிட்டாள். 'எங்கள் மகள் பிறந்தபோது என் கணவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது.'

கோபத்தோடு அழுகையும் வந்தது. லேப்டாப்பை இழுத்து அந்த வரியை அழித்தாள். 'எங்கள் மகள் பிறந்தபோது என் கணவர் விடுப்பு கேட்கவில்லை' என்று அடித்தாள்.

எட்டிப் பார்த்த கர்னலின் முகம் வெளிறிவிட்டது. "ஏய், அது போனை அணைச்சதுக்கப்புறம் சொன்னது. அந்தப் பொண்ணுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? நான் சம்மதிக்கல."

"அவ சொன்னது அவ கதை. இது என் பிரசவம்" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல். "அன்னைக்கு ஆபரேஷனுக்குச் சம்மதம்னு வலியோட வலியா நான்தான் கையெழுத்துப் போட்டேன். இதுக்கும் நானே போட்டுக்கிறேன்."