ஞானத்தாய் கொண்டுவர வேண்டிய சட்டை

"காகிதத்தைக் கக்கூஸ் குழிக்குள்ள போடாதீங்க, பக்கத்துல இருக்குற கூடையில போடுங்க" என்று நான் சொன்னதும் அந்தச் சனிக்கிழமைக் கூட்டம் வழக்கம்போல முகத்தைச் சுளித்தது. சுளிக்கட்டும். ஒரு தடவை குழாய் அடைத்துக்கொண்டால் தானாகவே கற்றுக்கொள்வார்கள். எங்கள் ஊர் குவென்காவில் வீடு மலிவு, ஓய்வூதியம் தாராளமாகப் போதும் என்று அமெரிக்காவிலிருந்து பெட்டியோடு வந்து இறங்குகிறவர்களுக்கு நான்தான் முதல் வாத்தியார். ஆற்றங்கரைக் காப்பிக்கடை மாடியில் வாராவாரம் வகுப்பு. இது மலை ஊர், வந்த புதிதில் படியேறி மூச்சு வாங்காதீர்கள். காஸ் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது பால்கனியிலிருந்து வாய்விட்டுக் கத்துங்கள், வெட்கப்பட்டால் பச்சைத் தண்ணீர்க் குளியல்தான். சந்தையில் இருபது டாலர் நோட்டை நீட்டாதீர்கள், சில்லறை இருக்காது, திட்டு விழும். கடைசியில் கொசுறு கேளுங்கள், கேட்காதவனை எந்தக் கடைக்காரியும் மதிக்க மாட்டாள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு முத்தாய்ப்பாக ஒன்று சொல்வேன். எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டால், "கண்டிப்பா, சந்தோஷமா வர்றேன், ஆண்டவர் சித்தம்" என்பார்கள். வர மாட்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது மரியாதை. முடியாது என்று சொல்வதுதான் அவமரியாதை. நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள். இதற்கு மட்டும் எல்லோரும் கைதட்டிச் சிரிப்பார்கள்.

வகுப்புக்கு ஆள் சேர்த்து, எனக்குச் சம்பளம் கொடுத்து நடத்துவது லோர்னா மேடம். ஒஹாயோக்காரி, கணவர் போய்ச் சேர்ந்த பிறகு இங்கே வந்து குடியேறியவள். அவள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தவள் நான். வீடு பார்த்துக் கொடுத்தது, அடையாள அட்டைக்கு வரிசையில் நின்றது, பல் பிடுங்கியபோது கையைப் பிடித்துக்கொண்டது எல்லாம் நான்தான். அதனால்தான் என் மகன் இஸ்மாயேல் பிறந்தபோது அவளை ஞானத்தாயாக இருக்கக் கேட்டேன். எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய்தான் வெள்ளைச் சட்டை கொண்டுவர வேண்டும், அவள் கையால்தான் பிள்ளைக்குப் போட வேண்டும். அன்றிலிருந்து அவள் மேடமும் இல்லை, நான் வேலைக்காரியும் இல்லை. உறவுக்காரிகள். சாகிறவரைக்கும்.

இஸ்மாயேலின் ஞானஸ்நானத்தன்று காலை அவளுக்கு வயிற்றுப்போக்கு. பாவம், போனில் குரலே வரவில்லை. என் புருஷன் ஃபாஸ்டோவின் தங்கை அவளுக்குப் பதிலாக நின்று ஒப்பேற்றினாள். நான் நாட்டுக்கோழி அடித்து சூப்பு வைத்து, அந்த வாரம் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லோர்னா மேடம் கண் கலங்கி, "அடுத்த குழந்தை எனக்குத்தான் லிஹியா" என்றாள். அடுத்தது பெண் குழந்தை. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு ஞானஸ்நானம்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் டெக்சாஸ்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். "என் வீட்ல சமைக்கிற பொண்ணு, அவ பையனுக்கு என்னை ஞானத்தகப்பனா இருக்கச் சொல்றா. நான் என்ன பண்ணட்டும்?"

லோர்னா மேடம் சிரித்தாள். "ஐயோ, அது எல்லாருக்கும் வரும். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, மனசு ஒடிஞ்சிடும். சந்தோஷமா சரின்னு சொல்லுங்க. அன்னைக்குக் காலையில வயிறு சரியில்லைன்னு ஒரு போன் போட்டுடுங்க, போதும். அவங்களுக்குப் புரியும். யாராவது சொந்தக்காரங்க நின்னுப்பாங்க. ஒருத்தருக்கும் வருத்தம் இருக்காது. இந்த ஊரு நாகரிகமே அதுதானே?" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த என் தோளைத் தட்டினாள். "என்ன லிஹியா, சரிதானே?"

என் தலை ஆடியது. பாழாய்ப்போன தலை, அவள் கேட்டால் ஆடியே பழகிவிட்டது. டெக்சாஸ்காரர் நிம்மதியாகக் காப்பியை எடுத்துக் குடித்தார்.

அவள் முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று பார்த்தேன். துளிகூட இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஏமாற்றியவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். இவளோ நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள். போன தடவை அவள் போனில் சொன்ன சாக்கு அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, நான் சூப்பு கொண்டுபோனதும் அந்த நாடகத்தில் என் பங்கு என்று நினைத்திருக்கிறாள். விருந்துக்கு, பிறந்தநாளுக்கு, வீடு பார்க்க வருவதற்கு எல்லாம் அப்படிச் சொல்லலாம். ஞானஸ்நானத்துக்கு மட்டும் எவளும் அப்படிச் சொல்ல மாட்டாள், எங்கள் தெருவில் குடித்துவிட்டுப் புரளுகிறவன்கூடச் சொல்ல மாட்டான். இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. இதைப் போய் யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? சோற்றை வாயில்தான் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோமா?

நாற்காலிகளை மடக்கி வைக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "மேடம், நாளைக்கு... குட்டிக்குச் சட்டை?"

"ஓ, சட்டை!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கண்டிப்பா, சந்தோஷமா வர்றேன், ஆண்டவர் சித்தம்!" எங்கள் பாஷையில், ஒரு பிழை இல்லாமல் சொன்னாள்.

நிஜமாகவா என்று கேட்டிருக்கலாம். வரவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் அப்படிக் கேட்பது எதிராளியின் முகத்தில் துப்புகிற மாதிரி. அவளுக்கு இந்த ஊர்க்காரியாக இருக்கத் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் அமெரிக்காக்காரியாக இருக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஃபாஸ்டோ கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவன் டவுன்பஸ் டிரைவர். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தான், வெள்ளைக்காரி எங்கள் உறவாகப் போகிறாள் என்று.

"எதுக்கும் ஒரு வெள்ளைச் சட்டை நாமளே வாங்கி வச்சுக்கலாம்யா" என்றேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முறைத்தான். "உனக்கு என்ன, கிறுக்குப் பிடிச்சிருக்கா? அவ ஆசையா சட்டையோட வந்து நிப்பா, பிள்ளை வேற சட்டையில இருக்கும். அவ மூஞ்சி என்னாகும்? ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டுட்டு, கடைசில நாமளே அவளை அசிங்கப்படுத்தணுமா?"

"வரலைன்னா?"

"போன தடவை உடம்பு முடியாமப் போச்சு. மனுஷின்னா அதெல்லாம் வராதா? நீதான் ஒரு வாரம் சூப்பு தூக்கிட்டு ஓடுனே. இப்ப சந்தேகப்படுறியே, வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது, வேறு காரணத்துக்கு.

மறுநாள் கோயில் வாசலில் மற்ற பிள்ளைகள் எல்லாம் சரிகை வைத்த சட்டைகளில் மினுங்கிக்கொண்டு உள்ளே போயின. எங்கள் குட்டி பழைய மஞ்சள் பனியனில், போர்வை சுற்றிக்கொண்டு என் தோளில் கிடந்தாள். ஃபாஸ்டோ ஒவ்வொரு டாக்சியையும் எட்டிப் பார்த்தான். மாமியார் வீட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அவன் தங்கை, போன தடவை ஒப்பேற்றினவள், "இந்தத் தடவை என்னைக் கூப்பிடாதே அண்ணி, நான் என்ன ஸ்டெப்னி டயரா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

போன் அடித்தது. "லிஹியா... ராத்திரியிலிருந்து வயிறு..." ஈனஸ்வரம். நன்றாகவே வந்தது அந்தக் குரல்.

"ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றேன்.

"நீ ரொம்ப நல்லவ. உனக்குப் புரியும்னு தெரியும்."

ஃபாஸ்டோவின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும், "பாவம் லிஹியா, தனியா இருக்குறவ. சாயங்காலம் கோழி அடிச்சு..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடு" என்றேன். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. அப்பவும் ஒண்ணும் இல்ல."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே மணி அடித்துவிட்டது.

வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற சோய்லாவிடம் போனேன். அவளிடம் அதுவரை மெழுகுவர்த்தியைத் தவிர வேறு எதுவும் நான் பேசியதில்லை. "என் பிள்ளைக்கு ஞானத்தாயா நிப்பீங்களா?" என்றேன். ஏன், எதற்கு, யார் வரவில்லை, ஒன்றுமே அவள் கேட்கவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளையின் பனியனைப் பார்த்தாள். தன் தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை எடுத்து உதறி, மெழுகு சொட்டின பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து, குட்டியைச் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றோம். சோய்லா என் காதருகே குனிந்தாள். "பிள்ளைக்கு என்ன பேரு? பாதர் கேட்டா நானும் சொல்லணுமே."

ஃபாஸ்டோ தரையைப் பார்த்தான். போன மாதமே பதிவு ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பேர். இன்றைக்குச் சொல்லி மேடத்தைத் திகைக்க வைக்கலாம் என்று இரண்டு பேரும் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்.

"லோர்னா" என்றேன்.

"லோரேனாவா?"

"இல்ல. லோர்னா."

"இப்படி ஒரு பேரை நான் கேட்டதே இல்லையே" என்று சோய்லா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வரிசை ஓரடி நகர்ந்தது. பிள்ளை சால்வையின் குஞ்சத்தைப் பிடித்து இழுத்தது.

"மறந்துடும் போலிருக்கே. இன்னொரு தடவை சொல்லு மகளே."

சொன்னேன்.