சுருக்குமடிக்குள் ஒரு படகு

ஹெர்ரிங் மீன் சினை போடக் கரையோரம் வரும் பருவம். அந்தக் கடற்கரையின் பூர்வகுடிகளான ஹெயில்ட்சுக் ஜனங்களில் ஒருத்தியான வெர்னா, ஹெம்லாக் மரக் கிளைகளை வெட்டிப் படகு நிறைய ஏற்றிக்கொண்டு விரிகுடாவுக்குள் வந்தாள். கிளைகளைத் தண்ணீரில் தொங்கவிட்டால் மீன் அதில் சினை ஒட்டிவிட்டுப் போகும். சினை மனுஷருக்கு, மீன் கடலுக்கு. மறு வருஷமும் வரும்.

அவளுக்கு முன்னாலேயே ஒரு சுருக்குமடிக் கப்பல் மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை வளைத்துக்கொண்டிருந்தது. தாய்மீனையே வாரி வயிற்றைக் கிழித்துச் சினை எடுக்கும் கூட்டம். போன வருஷமும் இவர்கள்தான் வாரினார்கள். ஊரே வெறுங்கிளையோடு திரும்பியது. கப்பல் தளத்தில் கயிறு பிடித்து நின்றவன் அவள் தம்பி செசில். அக்காவைக் கண்டதும் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டான்.

வலை வாய் மூடுவதற்குள் வெர்னா படகை உள்ளே விட்டாள். நட்டநடுவில் எஞ்சினை நிறுத்தினாள்.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு?" கேப்டன் மேலிருந்து கத்தினான். "மடியை இழுத்தா படகோட கவுந்துருவ."

"இழுத்துப் பாரு."

"சர்க்கார் அனுமதி இருக்கு என்கிட்ட."

"மீன்கிட்ட கேட்டியா? எங்ககிட்ட கேட்டியா? அப்புறம் என்ன அனுமதி."

கேப்டன் ரேடியோவில் போலீஸைக் கூப்பிட்டான். பிறகு செசிலைச் சிறுபடகில் இறக்கி, அவளை வெளியே இழுத்து வரச் சொன்னான்.

செசில் பக்கத்தில் வந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, வேலை போயிரும்கா."

"கட்டுடா. உன் கையாலயே கட்டி இழு. அதையும் பாத்துடறேன்."

அவன் அவள் படகின் மூக்கில் கயிற்றைக் கட்டி இழுத்தான். முடிச்சு வழுக்கி அவிழ்ந்தது. மறுபடி கட்டினான். மறுபடி அவிழ்ந்தது.

"முடிச்சுப் போடக்கூடத் தெரியாதாடா?" கேப்டன் மேலிருந்து கத்தினான்.

"ஈரக்கயிறு கேப்டன். நிக்க மாட்டேங்குது."

நடக்கப் பழகும் முன்பே முடிச்சுப் போடப் பழகியவன் அவன். வெர்னா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் ஓதம் திரும்பிவிட்டது. நீரோட்டம் வலையைப் பாறைப் பக்கம் தள்ள ஆரம்பித்தது. கிழிந்தால் பருவமே போச்சு. கேப்டன் கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வலையின் ஒரு முனையை அவிழ்த்துவிடச் சொன்னான். வெள்ளி வெள்ளியாக மீன் கூட்டம் வெர்னாவின் படகுக்கு அடியில் ஓடி வெளியேறியது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செசிலை அன்றைக்கே கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, கோடரியை எடுத்துக்கொண்டு கிளை வெட்டப் போனான்.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ் படகு வந்து சேர்ந்தபோது, ஆண்மீன்களின் விந்து கலந்து விரிகுடா பாலாய் வெளுத்திருந்தது. அக்காவும் தம்பியும் சினை அப்பிய கிளைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வெர்னா, நீங்க எங்ககூட வரணும்."

"வர்றேன். இதெல்லாம் ஏத்தி முடிச்சிட்டு வர்றேன். ஊரு சாப்பிடணும்ல," என்றாள் அவள், தலை தூக்காமல். "சும்மா நிக்கறதுக்கு அந்தக் கிளைய ஒரு கை பிடிங்க."

இளவயசுப் போலீஸ்காரர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கையுறையைக் கழற்றினார்.