வசுதா அபார்ட்மெண்ட்ஸில் குடியிருந்தவர்கள்

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் மூன்று மாடியோடு நின்ற வசுதா அபார்ட்மெண்ட்ஸ் இப்போது இல்லை. ஒரு காலத்தில் கோயில் கைங்கரியக் குடும்பங்களும் வங்கி ஊழியர்களும் இருந்த கட்டடம். அவர்கள் ஒவ்வொருவராகச் சென்னைக்குப் போன பிறகு, ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வந்த தென்மாவட்டப் பெண்கள் அங்கே குடியேறினார்கள். சங்கரன்கோவில் பக்கத்து மாரிசெல்விதான் முதலில் வந்தவள். லிஃப்ட் ஓடாது, மழை வந்தால் கூரை ஒழுகும். ஆனாலும் கதவைத் தாழிட்டுப் படுத்தால் ஏனென்று யாரும் கேட்காத இடம்.

உரிமையாளர் நிவாஸ் இடிக்கப்போவதாகச் சொன்னபோது பெண்கள் சண்டை போடவில்லை. மாதக் கடைசிவரை அவகாசம் கேட்டார்கள். சரியென்றார். அதை நம்பித்தான், மாதம் முடியப் பல நாள் இருந்த அன்றும் காலை ஷிப்டுக்குப் போனார்கள்.

இரவு ஷிப்ட் முடித்து வந்த கவியா மட்டும் மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நிவாஸ் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பிய பொக்லைன் இடித்ததில் சுவர் அவள்மேல் சரிந்தது. அலறல் கேட்டதும் டிரைவர் டில்லிபாபு வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கிவந்தான். வலது கை நொறுங்கியிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு மருத்துவமனைக்கு ஓடிய மாரிசெல்வி, அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போனாள். நிவாஸ் அவளுக்கு முன்பே வந்து இன்ஸ்பெக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“அது காலி பில்டிங் சார். யாரோ பொண்ணு உள்ள பூந்து படுத்திருக்கு.”

மாரிசெல்வி அவர் முன்னால் போய் நின்றாள். “பூந்து படுத்தாளா? என்ன பேச்சு பேசுதீய? தண்ணி வரலன்னு அவ போன் போட்டா பேரச் சொல்லிப் பேசுவீயளே! இப்ப யாரோவா?”

“கத்தாதம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கத்தத்தான் செய்வேன் சார். அவ செத்துருந்தா அநாதப் பொணம்னுல்ல எழுதியிருப்பீய!”

வாசலில் நின்ற டில்லிபாபு உள்ளே வந்தான். “சார், மாடில துணி காஞ்சிகினு இருந்துச்சு. ஆளுங்க கீறாங்களான்னு இவர்கிட்ட கேட்டேன். ‘பழைய துணிப்பா, நீ இடி’ன்னாரு. எங்க வேணா வந்து சொல்றேன்.”

நிவாஸ் அவனை முறைத்தார்.

வழக்குப் பதிவானது. நிவாஸ் ஜாமீனில் வந்தார். வேறு ஆளை வைத்து மிச்சத்தையும் இடித்தார். பெண்கள் வல்லம் வடகால் பக்கம் ஹாஸ்டல்களுக்குச் சிதறினார்கள். கை சேராத கவியாவைத் தொழிற்சாலை திரும்ப எடுக்கவில்லை; அவள் ஊருக்கே திரும்பிப் போனாள்.

பணம் கொடுத்துச் சமாதானம் பேச நிவாஸின் வக்கீல் வந்தபோது கவியா சொன்னாள்: “அதெல்லாம் பெறவு பாப்போம். நான் அங்க குடியிருந்தவன்னு மொதல்ல அவரு வாயால கோர்ட்ல சொல்லட்டும்.”

இன்றுவரை அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கவியா ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். மாரிசெல்வி லீவு போட்டுவிட்டு அவளோடு போய் நிற்கிறாள்.