வடக்குப் பட்டையின் மூன்றாவது பிரதி

வானத்தைப் படமெடுத்துச் சேமிக்கும் அந்த அலுவலகத்தில் தரவுகளுக்கு அவள்தான் பொறுப்பு. எல்லோருக்குமே அவள் "அண்ணி". கணினி அறையின் மின்பணியாளன் அவளுடைய சொந்தக் கொழுந்தன். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படி ஆகிவிட்டது. அவனுக்கு அலுவலகம் வைத்த பெயர் நிதானம். எதையும் அவசரப்பட்டுச் செய்ததாகச் சரித்திரமே கிடையாது.

வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகளை வெவ்வேறு கணினிகளில் வைத்திருந்தார்கள். ஒன்று படுத்தாலும் மற்றது கைகொடுக்கும். இப்போது ஒரு கணினி, உள்ளிருக்கும் விசிறி கெட்டு, நிஜமாகவே படுத்துவிட்டது.

"விசிறி மாத்துறியா, விமானம் கட்டுறியா?"

"இதோ அண்ணி, திருகாணி தேடிட்டிருக்கேன்."

ஒரு வாரமாக இதே பேச்சு.

அன்று காலை, தெற்கு வானத்தின் பழைய சோதனைப் படங்களை அழிக்க உட்கார்ந்தாள். தெற்கு என்றால் பட்டையின் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடவேண்டும். போடவில்லை. கட்டளை போன பிறகுதான் கண்ணில் பட்டது: அழிந்தது வடக்குப் பட்டை. பல வருடப் படங்கள். நேற்றைய வானத்தை இன்றைக்குப் போய் எடுக்க முடியுமா?

இரண்டு பிரதிகள் போயே போய்விட்டன. மூன்றாவது அந்தப் படுத்த கணினியில் இருக்கிறது. ஆனால் அது எழுந்ததும், "நான் இல்லாதப்ப என்ன நடந்துச்சு?" என்று மற்ற கணினிகளைக் கேட்கும், அழிக்கச் சொன்னதைத் தெரிந்துகொண்டு தன்னிடம் இருப்பதையும் துடைத்துவிடும்.

போன் போட்டாள். நிதானம் எடுக்கவில்லை. ஓடினாள்.

அவன் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு, பொத்தானுக்கு விரலை நீட்டிக்கொண்டிருந்தான்.

"தொடாதே!"

"என்ன அண்ணி! வாரம் பூரா ஏன் போடலைன்னு திட்டினீங்க. இன்னிக்குப் போடப் போனா..."

"முதல்ல அந்த நெட்வொர்க் வயரைப் பிடுங்குடா, என் ராசா!"

ராசா என்றதும் அவன் பயந்தே போனான். பிடுங்கினான். யாரோடும் பேசவிடாமல் கணினியைத் தனியாக எழுப்பினார்கள். வடக்குப் பட்டை அப்படியே இருந்தது. வேறொரு வட்டில் நகல் ஏறி முடியும்வரை அவள் மூச்சுவிட்டதாகவே தெரியவில்லை.

"நீ மட்டும் சொன்ன அன்னிக்கே முடிச்சிருந்தா, நான் தொலைஞ்சேன். ரொம்ப நன்றிப்பா."

அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "திட்டுங்க அண்ணி, அது பழகிடுச்சு. இது கூச்சமா இருக்கு."

"மாட்டேன்."

"அப்ப அண்ணன்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டான்."

அங்கேயே கணவனைக் கூப்பிட்டாள். "என்னங்க, உங்க தம்பி இன்னிக்கு என்னைக் காப்பாத்திட்டான்."

"எந்தத் தம்பி?"

"இருக்கிறதே ஒருத்தன்தானே! நல்லவேளை, உங்கம்மா உங்களோட நிறுத்திக்கல."