இளஞ்சிவப்பு

அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவின் வளர்ச்சியை அதன் கண்ணைப் பார்த்துச் சொல்வதுதான், ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் உதவியாளரின் வேலை. முதலில் வெள்ளை, பிறகு இளஞ்சிவப்பு, பழுப்பு, கடைசியில் கறுப்பு. அவள் நிறம் பிரித்து வைத்தால், ஆராய்ச்சி மாணவி அந்தக் கண்ணைச் சீவிச் சாயமேற்றுவாள். கண் பார்த்ததை மூளைக்குச் சொல்வது ஹிஸ்டமின் என்ற ரசாயனம். பூச்சி வெளியே வருவதற்கு வெகு முன்பே, பார்க்க ஒன்றுமில்லாத அந்த இருட்டிலேயே, அது நரம்பில் ஊறத் தொடங்கிவிடும். எந்த நிறத்தில் தொடங்குகிறது என்பதுதான் மாணவியின் கேள்வி.

சர்க்கரை நோய் கண்ணில் இறங்கியதிலிருந்து அக்காவுக்கு வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஒன்றுதான். பதினாலு மாதமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலை போய்விடும். கூடு கட்டிய ஆறாம் நாள் இளஞ்சிவப்பு என்று பழைய நோட்டில் இருந்தது. நாளைப் பார்த்தே பிரித்தாள். குளிர்காலத்தில் வளர்ப்பறை ஹீட்டர் சண்டித்தனம் செய்தது; குளிரில் வளர்ச்சி பின்தங்கியது. புழுக்களுக்கு நோட்டுப் படிக்கத் தெரியாது.

"ஒரே இளஞ்சிவப்புதான்க்கா. பாதி ஸ்லைடு பளிச்சுனு இருக்கு, பாதி செத்துக் கெடக்கு" என்றாள் மாணவி. "நீங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்கற ஆளு. தப்பு என் கையிலதான். சாயத்த மாத்தினேன், கத்திய மாத்தினேன். இப்ப கைடு சார் என்னையே மாத்தறாராம். வெள்ளிக்கிழமை எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அக்கா ஒரு தட்டில் இரண்டு கூட்டுப்புழுக்களை வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல இளஞ்சிவப்பு எது?"

"இடது பக்கம் இருக்கறது. ஏன்க்கா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

மாணவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எவ்ளோ நாளா?"

"பதினாலு மாசம்."

"நான் ராத்திரியெல்லாம் என் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்க்கா."



மாணவி எழுந்து அலமாரியைத் திறந்தாள். அந்தப் பதினாலு மாதத்து ஸ்லைடுப் பெட்டிகள் எவை என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் தேதியும் நிறமும் அக்காவின் முத்து முத்தான எழுத்தில் இருந்தன. ஒவ்வொரு பெட்டியாகக் கண்ணாடிக் கழிவு வாளிக்குக் கொண்டுவந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

அக்கா போய் வாளியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிமேல் கண்ணாடி விழுந்து நொறுங்கியது. கை கடுத்தது. மாற்றிப் பிடிக்கவில்லை.